உங்களுக்குத் தெரியுமா? காய்ந்த தொட்டியிலும் சாகாத முட்டை!

மதுரை தல்லாகுளத்தில் தண்ணீர் உறையும் குளிர் கிடையாது. இங்கே கொசு முட்டைக்குச் சோதனை, கோடை வறட்சிதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டியின் ஈரச் சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கிறது. முதலில் வெள்ளையாக இருக்கும் முட்டை சில மணி நேரத்தில் கறுக்கும். ஒரு நாளுக்குள் உள்ளே ஈரத்தைக் காக்கும் உறை ஒன்று உருவாகும். அதற்குமுன் காய்ந்தால் முட்டை அழியும். உள்ளே கருவின் வளர்ச்சி முடிந்தபின் காய்ந்தால் பல மாதங்கள் தாங்கும்!

எப்படி? மண்டி ஐஐடியும் பெங்களூரு இன்ஸ்டெம் நிறுவனமும் 2023இல் விடை சொன்னன. காயும்போது முட்டைக்குள் பாலிஅமீன் என்ற பொருள்கள் பெருகிக் கருவைக் காக்கின்றன. மறுபடி தண்ணீர் பட்டதும், சேமித்த கொழுப்பு எரிந்து ஆற்றல் தருகிறது.

ஆகவே தொட்டியைக் கவிழ்த்துக் காயவைத்தால் மட்டும் போதாது. உட்சுவரை நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். குடம், அண்டா, டிரம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

உறைபனியைத் தாங்குவது ஏடிஸ் எஜிப்டியின் உறவுக்கார இனமான ஏடிஸ் ஆல்போபிக்டஸ். குளிர்நாடுகளில் பகல் குறுகுவதைத் தாய்க்கொசு உணர்ந்து, கொழுப்பு மிகுந்த உறங்கும் முட்டைகளை இடுகிறது. பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் குளிரையும் கடந்து, அவை வசந்தத்தில் பொரிகின்றன.