துருவை உதிர்க்கும் மின்சாரம்

பரணில் பல வருடம் கிடந்த இரும்பு இழைப்புளி. உடம்பெல்லாம் செந்துரு, திருகு அசைய மறுக்கிறது. உப்புத்தாளால் தேய்த்தால் துருவோடு நல்ல இரும்பும் போய்விடும். வேறு வழி உண்டா?

உண்டு. ஒரு பிளாஸ்டிக் வாளி, சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர் போதும்.

லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சோடாவைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். சார்ஜரின் நெகட்டிவ் கம்பி இழைப்புளிக்கு. பாசிட்டிவ் கம்பி வேண்டாத இரும்புத் தகட்டுக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. சுவிட்சைப் போட்டதும் இழைப்புளியைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழ்கள் கிளம்பும். சில மணி நேரத்தில் தண்ணீர் பழுப்பாகிவிடும்.

ஏன் இப்படி? துரு என்பது ஆக்சிஜனிடம் எலக்ட்ரான்களைப் பறிகொடுத்த இரும்பு. நெகட்டிவ் முனை அவற்றைத் திருப்பிக் கொடுக்கிறது. செந்துருவின் ஒரு பகுதி கறுப்பு ஆக்சைடாக மாறிப் பிடி தளர்கிறது. அடியிலிருந்து எழும் ஹைட்ரஜன் குமிழ்கள் அதை நெம்பிவிடுகின்றன. பிரஷ்ஷால் தேய்த்தால் கறுப்பு மாவாக உதிரும். துரு ஏற்கெனவே அரித்த குழிகள் மட்டும் நிரம்பாது.

ஹைட்ரஜன் தீப்பற்றும்; காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும். பாசிட்டிவ் தகடாக எவர்சில்வர் கூடவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சாகக் கரையும். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டால் குளோரின் வாயு வரும்.

மின்சாரத்தை நிறுத்திய பிறகே வாளிக்குள் கை வைக்க வேண்டும். எடுத்த இழைப்புளியைக் கழுவித் துடைத்து உடனே எண்ணெய் பூச வேண்டும். வெறும் இரும்பில் சீக்கிரமே மறுபடி செம்மை படர்ந்துவிடும்.