வீட்டுக்குள் வந்த போக்கிரி

முன்னாளில் பள்ளிக்கூடத்துப் போக்கிரிக்கு ஓர் எல்லை இருந்தது. பையன் தன் வீட்டு வாசற்படி ஏறிவிட்டால் அபயந்தான். இன்றோ அந்தப் போக்கிரி கைப்பேசி வழியாக வீட்டுக்குள்ளேயே புகுந்துவிடுகிறான். வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டப்பெயர். இன்ஸ்டாகிராமில் பொய்ப் பெயரில் ஒரு கணக்கு. திரித்து வெளியிட்ட ஒரு புகைப்படம். குழந்தை போர்வைக்குள் படுத்திருக்கும்போதும் பரிகாசம் தொடருகிறது.

இதில் விசித்திரம் என்னவென்றால், விஷயம் பெற்றோருக்குத்தான் கடைசியில் தெரிகிறது. குழந்தை போக்கிரிக்குப் பயப்படுவதைவிட நமக்கு அதிகமாகப் பயப்படுகிறது! சொன்னால் என்ன செய்வோம்? "உனக்கு எதற்கு இந்த வம்பெல்லாம்?" என்று அதட்டுவோம், கைப்பேசியைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டுவோம். அடிபட்டவனுக்கே தண்டனை விதிக்கும் நியாயஸ்தலத்துக்கு யார் பிராது கொண்டு வருவார்கள்?

ஆகையால் பெற்றோர் முதலில் அளிக்கவேண்டியது ஒரு வாக்குறுதி: "எது நடந்தாலும் எங்களிடம் சொல், கோபிக்க மாட்டோம், போனையும் பிடுங்க மாட்டோம்." சொன்னபடி நடக்கவும் வேண்டும். கைப்பேசி ஒலித்ததும் முகம் வாடுவது, நம்மைக் கண்டதும் திரையை மறைப்பது, காரணமின்றிப் பள்ளிக்குப் போக மறுப்பது ஆகியவற்றைக் கண்டால், நாமே அன்புடன் விசாரிக்கவேண்டும்.

விஷயம் தெரிந்த பிறகு ஆத்திரப்பட்டு எதையும் அழிக்கலாகாது. அழித்தால் சாட்சியம் போய்விடும். ஏசிய செய்திகளைப் பெயரும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கவேண்டும். பதிலுக்கு ஏசாமல், அந்தக் கணக்கைப் பற்றி நிறுவனத்துக்குப் புகார் அனுப்பிவிட்டு, அதைத் தடை செய்யவேண்டும். வகுப்பு ஆசிரியரிடமும் சொல்லவேண்டும்.

மிரட்டலோ ஆபாசமோ கலந்திருந்தால் தாமதம் கூடாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. சைபர் குற்றங்களுக்கான மத்திய சர்க்காரின் இணையதளத்திலும் புகார் செய்யலாம். குழந்தைகளைப் பற்றிய ஆபாசப் படங்கள் குறித்துப் பெயரை வெளியிடாமலே தெரிவிக்க அங்கே வசதியுண்டு. இத்தகைய படங்களைப் பரப்புவோரைத் தண்டிக்க 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டமும் இருக்கின்றன. ஆகவே, சாட்சியம் என்று எண்ணிக்கூட நாம் அவற்றைப் பிறருக்கு அனுப்பலாகாது.

மற்றொன்றும் சொல்லவேண்டும். ஏசுகிறவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். அது நம் வீடாகவும் இருக்கலாம். பிறர் முகத்துக்கு நேரே சொல்லத் துணியாததைத் திரையிலும் எழுதலாகாது என்று நம் குழந்தைகளுக்குப் பழக்குவோம். உறவினரைப் பற்றி நாமே குடும்பக் குழுவில் வம்பு எழுதிக்கொண்டிருந்தால், அந்தப் பாடம் ஒருநாளும் பலிக்காது.