பத்தரை மணிப் பசி

பெருங்கடவிளை:

நாகர்கோவில் பக்கமிருந்து திருவனந்தபுரம் செல்லும் காலைப் பாசஞ்சர் வண்டிக்கு டிக்கெட் கேட்டு நிற்பவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள். கொத்தனார், ஜவுளிக்கடைச் சிப்பந்தி, ஆஸ்பத்திரி ஆயா, ஏதோ ஓர் ஆபீசில் கணக்கெழுதும் குமாஸ்தா. கையில் டிபன் காரியர் இருக்கும். வீட்டில் பிள்ளை எழுந்ததா, பல் தேய்த்ததா, எதைத் தின்றது என்பது இவர்களில் பலருக்குத் தெரியாது. டிக்கெட் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் எனக்கும், போன ஆடி மாதம் வரை தெரியாமல்தான் இருந்தது.

என் மகளுக்கு அப்போது நாலு வயது முடிந்து மூன்று மாதம். பக்கத்தில் ஒரு நர்சரியில் சேர்த்திருந்தோம். ஒருநாள் டீச்சர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். "தினமும் பத்தரை, பதினொன்றுக்கெல்லாம் மேஜையில் தலையைக் கவிழ்த்துக் கொள்கிறாள். பாட்டுச் சொன்னால் வாய் அசைவதில்லை. பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுகிறாள். டாக்டரிடம் காட்டுங்கள்" என்றார். ராத்திரி தூக்கம் போதவில்லை என்று நானும் மனைவியும் முடிவு கட்டினோம். மார்த்தாண்டத்திலிருந்து வந்திருந்த மாமியார்தான் மறுத்தார். "வயிறு காஞ்சா பிள்ளை தூங்கத்தான் செய்யும். இதுக்கு டாக்டரு எதுக்கு?" என்றார்.

அதற்குப் பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலை ஆறே முக்காலுக்கு அரை தம்ளர் டீ, அரைத் தோசை. ஏழே காலுக்கு வேன். ஊரெல்லாம் சுற்றி ஒன்பதுக்கு முன்னால் நர்சரியில் இறக்கிவிடும். மதியச் சோறு பன்னிரண்டரைக்கு. ஏறக்குறைய ஆறு மணி நேரம்! இடையில் டப்பாவில் போனது நாலு கிரீம் பிஸ்கட். கிரீமை மட்டும் நக்கிவிட்டு, பிஸ்கட்டைத் திரும்பக் கொண்டுவருவாள். அதே பத்தரை மணிக்கு என் மேஜைக்கு ஒரு டீயும் பருப்பு வடையும் வந்துவிடும். அதற்காக நான் யாருக்கும் மனுப் போட வேண்டியதில்லை.

டாக்டரிடமும் காட்டினோம். மாமியார் சொன்னதையே அவர் கொஞ்சம் விரிவாகச் சொன்னார். சின்னப் பிள்ளைகளின் வயிறு சிறிது. ஒரே நேரத்தில் அதிகம் கொள்ளாது. ஓடியாடுவதும் வளர்வதும் நாள் முழுக்க நடக்கின்றன. ஆகவே மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு இடையில் இரண்டு சிறு தீனி வேண்டும். காலைத் தீனி சாயங்காலத்தினும் முக்கியம், ஏனென்றால் பாடம் நடப்பது அப்போதுதான். டீயை அடியோடு நிறுத்தச் சொன்னார். சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் டீ தடுக்கிறதாம்.

இரும்புச் சத்து ஏதோ அடுத்த வீட்டுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் இரத்தசோகை உள்ளவர்கள் கேரளத்தில் 100-க்கு 39 பேர், தமிழகத்தில் 57 பேர்.

தெருமுனை அங்கன்வாடி

வேடிக்கை என்னவென்றால், பீஸ் கட்டாத பிள்ளைகளுக்கு இந்தப் பத்தரை மணிச் சங்கடம் இல்லை. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் நாட்டில் தொடங்கியது. கேரளத்தில் முதலில் வந்தது மலப்புறம் மாவட்டம் வேங்கரையில். 2013-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம், மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு அங்கன்வாடியில் 'காலைச் சிற்றுண்டியும் சூடான சமைத்த உணவும்' என்று அட்டவணையிலேயே எழுதி வைத்தது. இரண்டும் சேர்ந்து 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் என்று அப்போது அளவும் குறித்தது. காலைச் சிற்றுண்டி என்பது யாரோ இரக்கப்பட்டுக் கொடுப்பதல்ல, பிள்ளையின் உரிமை. கேரள அரசு 2022-ல் இதனுடன் வாரம் இரண்டு நாள் பாலும், இரண்டு நாள் முட்டையும் சேர்த்தது.

ஆனாலும் உரிமை ருசியாக இருக்க வேண்டுமே! 2025 பிப்ரவரியில் ஆலப்புழை மாவட்டத்து அங்கன்வாடிச் சிறுவன் ஒருவன், உப்புமா போதும், பிரியாணியும் பொரித்த கோழியும் வேண்டும் என்று தாயிடம் மழலையில் கேட்டது வீடியோவாக நாடெங்கும் ஓடியது. அப்போதைய அமைச்சர் வீணா ஜார்ஜ் அதைத் தள்ளிவிடவில்லை. அந்த ஜூன் மாதமே அங்கன்வாடிகளுக்குப் புதிய உணவுப் பட்டியல் வந்தது. மதியத்துக்கு முட்டை பிரியாணி, புலாவு. காலைக்குப் பால், கொழுக்கட்டை, இலையடை, சத்து லட்டு. பாலும் முட்டையும் வாரம் மூன்று நாளாயின. சர்க்கரையும் உப்பும் குறைக்கப்பட்டன. பத்திரிகைகள் பிரியாணியைத்தான் பெரிதாகப் போட்டன. எனக்கென்னவோ அந்தக் கொழுக்கட்டையும் இலையடையும்தான் பெரிய செய்தியாகப் பட்டது.

உப்புமாமீது எனக்குத் தனிப்பட்ட விரோதமில்லை. 1960-களில் 'கேர்' நிறுவனம் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய சோள மாவில் கிண்டிய மஞ்சள் உப்புமாவைத் தின்று படித்த தலைமுறை என் தகப்பனாருடையது. அந்த வாசனையை இன்றும் சிலாகித்துப் பேசுவார். பசித்தவர் சொல்லும் ருசி அது.

களியக்காவிளைக்கு அப்பால்

என் தங்கை வீடு களியக்காவிளையில். பாறசாலை தாண்டினால் வந்துவிடும். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா தமிழகத்துக்கும், நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்துக்கும் என்று பிரிந்தபோது ஒரே குடும்பம் இரண்டு ராஜ்யமானது நம்மில் பலருக்குத் தெரிந்த கதை. தங்கை மகன் அங்கே அரசுத் தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. முதல் மணி அடிக்குமுன் பள்ளியிலேயே கிச்சடியோ பொங்கலோ சாம்பாருடன் கிடைக்கிறது. தமிழகத்தின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றிலும் விரிந்தது. 2024-ல் கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளும் சேர்ந்தன. காமராஜர் 1956-ல் மதிய உணவைத் தொடங்கினார், எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-ல் அதைச் சத்துணவாக்கினார். காலைப் பசிக்கு இலை போட அதற்குப்பின் 40 வருஷம் ஆகியிருக்கிறது.

இங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மதியச் சோறு நிச்சயம், பாலும் முட்டையும் உண்டு. அங்கன்வாடிப் பிள்ளைக்குக் காலையும் நிச்சயம். ஆனால் கடன் வாங்கி இங்கிலீஷ் நர்சரிக்கு அனுப்புகிறோமே, அந்தப் பிள்ளைக்கு எந்தச் சட்டமும் பத்தரை மணிக்கு ஒன்றும் தருவதில்லை. அங்கே சட்டமும் சமையல்காரரும் நாம் வைத்தனுப்பும் டப்பாதான்.

டப்பாவுக்குள் கௌரவம்

மறுநாளே மாமியார் அவித்த மரச்சீனிக் கிழங்கு வைத்தனுப்பினார். டப்பா அப்படியே திரும்பியது. "எல்லாரும் சிரிச்சாங்க" என்றாள் மகள். பள பளக்கும் பொட்டலம் கொண்டுவருவது அங்கே அந்தஸ்து. அவித்த கிழங்கு பட்டிக்காடு. நாலு வயதுக்குள் இது எப்படித் தெரிகிறது என்றுதான் புரியவில்லை. நாம்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தீனிகளைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி செய்துவிட்டது. விதி வாசலில் நிற்கும். பொட்டலமோ நம் கையாலேயே பைக்குள் ஏறிப் போய்விடும்.

பிறகு மனைவி தந்திரத்தை மாற்றினாள். இலையப்பத்தைச் சிறிதாக, ஒரு விரல் நீளத்துக்கு அவித்தாள். அரிசி மாவுக்குள் தேங்காய்ப்பூவும் கருப்பட்டியும். ராத்திரியே மாவு பிசைந்து வைத்தால் காலையில் கால் மணி நேர வேலை. ஒருநாள் அது, ஒருநாள் அவலை நனைத்துத் தேங்காயும் வெல்லமும். ஒருநாள் குழைய வேகவைத்த சிறுபயறு, மேலே இரண்டு சொட்டு எலுமிச்சை. அந்தப் புளிப்பு பயறிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேர்க்குமாம். அவித்த முட்டை பாதி, அல்லது ஒரு மட்டிப்பழம். குமரி மாவட்டத்து மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைக்குழந்தைக்கே கொடுக்கும் பழம். நாலு வயதுக்கு என்ன தயக்கம்? ஓண நெருக்கத்தில் ஏத்தன் விலை ஏறும்போது பாளையங்கோட்டான் போதும்.

ஒரு எச்சரிக்கை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முழு நிலக்கடலை, முழு முந்திரி, முழுத் திராட்சை வைத்தனுப்ப வேண்டாம். சிரித்துக்கொண்டே தின்னும்போது மூச்சுக்குழலில் போய் அடைத்துவிடும். கடலையை வறுத்துப் பொடித்து வெல்லத்தில் உருட்டுங்கள். திராட்சையை நீளவாக்கில் நறுக்குங்கள். அளவும் உள்ளங்கை கொண்ட அளவு போதும். கூடினால் மதியச் சோறு மிஞ்சும்.

புரட்டாசி பிறந்து ஒருநாள் டீச்சரைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். இப்போது பதினொன்று மணிக்குப் பாட்டுச் சத்தத்தில் வகுப்பு நடத்த முடியவில்லை என்று குறைபட்டார். இன்னொரு குறையும் சொன்னார். பக்கத்து இருக்கைப் பிள்ளை தன் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு என் மகளின் இலையப்பத்தைக் கேட்கிறானாம். அவனுடைய தகப்பனார் நம்ம ஊர்க்காரர், காலை வண்டியில் போகிற கொத்தனார். இப்போது மனைவி டப்பாவில் நாலு வைக்கிறாள்.