செயலிக்கு ஆயிரம், குரலுக்கு நானூறு

பிரிட்டனின் 26 பல்கலைக்கழகங்களில் தூக்கம் வராமல் தவித்த 1,891 மாணவர்களுக்கு, ஆறு பாடங்கள் கொண்ட தூக்கச் சிகிச்சைச் செயலி ஒன்று இலவசமாகக் கொடுக்கப்பட்டது. ஒரு பாடத்தையாவது திறந்தவர்கள் 69 சதவீதம். இரண்டு பாடம் பார்த்தவர்கள் 50 சதவீதம். ஆறாவது பாடம்வரை வந்து சேர்ந்தவர்கள் 18 சதவீதம். டேனியல் ஃப்ரீமன் குழுவினர் 2017-இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வெளியிட்ட கணக்கு இது. இத்தனை பேர் நடுவில் நின்றும், செயலி பெற்ற குழுவின் தூக்கம் அதைப் பெறாத குழுவைவிடத் தெளிவாகத் தேறியிருந்தது. மருந்து வேலை செய்கிறது, குடித்து முடிப்பவர்கள்தான் குறைவு என்பதே அதற்கு அர்த்தம். டெல்லியில் இந்தச் சிகிச்சையை எல்லோருக்கும் கொண்டுபோக நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த 18-ஐத்தான்.

சிகிச்சையின் பெயர் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. தூக்கமின்மைக்கென்றே வடிவமைத்த வகை. வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதமாவது தூக்கம் கெட்டிருந்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. அதற்கு முதலில் தர வேண்டியது மாத்திரை அல்ல, இந்தச் சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் வழிகாட்டியது. இதன் இரண்டு தூண்கள் பழையவை. தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிடு என்பது ரிச்சர்ட் பூட்சின் 1972-இல் சொன்னது. படுக்கையில் கழிக்கும் நேரத்தையே சுருக்கு என்பது ஆர்தர் ஸ்பீல்மன் குழுவினர் 1987-இல் சொன்னது.

இரண்டாவதுதான் ஆளை விரட்டும் பகுதி. மயூர் விஹாரிலிருந்து மெட்ரோ பிடித்து அலுவலகம் போகும் ஓர் அரசு ஊழியர் என்று வைத்துக்கொள்வோம். இரவு பத்தரைக்குப் படுக்கிறார், காலை ஆறரைக்கு எழுகிறார். படுக்கையில் 480 நிமிடம், அதில் தூங்கியது 315. தூக்கத் திறன் 65.6 சதவீதம், இலக்கு 85. செயலி அவருடைய படுக்கை நேரத்தை ஐந்தரை மணியாகக் குறைக்கிறது. எழும் நேரம் மாறாது. ஆகவே இரவு ஒரு மணிக்கு முன்னால் படுக்கக் கூடாது. முதல் வாரம் 330 நிமிடத்தில் 290 நிமிடம் தூங்குகிறார். திறன் 88 சதவீதத்தைத் தொட்டுவிட்டது, இனிமேல் கால் மணி நேரம் முன்னதாகப் படுக்கலாம் என்று செயலி பாராட்டுகிறது. அவர் பார்ப்பதோ வேறு கணக்கு. முன்பு ஐந்தேகால் மணி நேரம் தூங்கினேன், இப்போது ஐந்து மணி நேரம்கூட இல்லை; மெட்ரோவில் நின்றபடியே கண் சொக்குகிறது. அன்றைக்கே செயலியை நீக்கிவிடுவார்.

அந்த வாரத்தில் பயிற்றுநர் ஒருவரிடமிருந்து போன் வந்தால் என்ன ஆகும்? “சார், மொத்த மணி நேரத்தைப் பார்க்காதீங்க. போன வாரம் படுக்கையில முழிச்சுக் கிடந்தது 165 நிமிஷம், இந்த வாரம் 40. உடம்பு பழகிக்கிட்டு வருது. ஞாயித்துக்கிழமையும் ஆறரைக்கே எழுந்திருங்க, மத்தியானம் மட்டும் படுக்காதீங்க.” இவ்வளவுதான். இதே வரிகளைச் செயலியும் எழுதிக் காட்டலாம். ஆனால் அடுத்த புதன்கிழமை அந்தப் பயிற்றுநர் அம்மா திரும்பக் கூப்பிடுவார் என்று தெரிந்தால் தூக்கக் குறிப்பேட்டை நிரப்பத் தோன்றும். எழுத்துக்கு அந்தப் பிடி கிடையாது.

எட்டு மணி நேரத் தூக்கத்தை எதிர்பார்த்து வருபவர்களிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டிய எண்கள் சில உண்டு. 20 ஆய்வுகள், 1,162 பேரைத் திரட்டிய 2015-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வின்படி, இந்தச் சிகிச்சைக்குப் பின் தூக்கம் பிடிக்க ஆகும் நேரம் 19 நிமிடம் குறைகிறது. நடுவில் விழித்துக் கிடக்கும் நேரம் 26 நிமிடம் குறைகிறது. மொத்தத் தூக்கம் கூடுவதோ எட்டு நிமிடத்துக்கும் குறைவு. கிடைப்பது நீண்ட தூக்கம் அல்ல, விட்டு விட்டு வராத தூக்கம். இதை யாராவது எடுத்துச் சொல்லாவிட்டால், பலன் பெற்றவர்கூடத் தோற்றுப்போனதாக நினைத்துக்கொள்வார்.

இனி விலை. அமெரிக்காவில் 2020 மார்ச்சில் மருந்து நிர்வாகத்தின் அனுமதி பெற்ற சோம்ரிஸ்ட் செயலி, ஒன்பது வாரத்துக்கு 899 டாலராக இருந்தது; அன்றைய மதிப்பில் சுமார் 70,000 ரூபாய். அதை விற்ற பேர் தெரபியூட்டிக்ஸ் நிறுவனம் 2023 ஏப்ரலில் திவால் மனு கொடுத்தது. ஜெர்மனியில் 2020 அக்டோபரில் காப்பீட்டுப் பட்டியலில் ஏறிய சோம்னியோ 90 நாளுக்கு 464 யூரோவாக இருந்தது, அன்றைய மதிப்பில் 40,000 ரூபாய். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022 மே மாதம் பரிந்துரைத்த ஸ்லீப்பியோ அப்போது ஆளுக்கு 45 பவுண்டு, அதாவது சுமார் 4,300 ரூபாய். சோம்ரிஸ்டின் முன்னோடியான ஷூட்டி, ஆள் துணை எதுவும் இல்லாமலே, 303 பேரை வைத்துச் செய்த ஆய்வில் ஓராண்டு முடிவில் 56.6 சதவீதத்தினரைத் தூக்கமின்மையிலிருந்து விடுவித்தது. தனியாகச் செய்து முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் செயலியே போதும்.

துணை சேர்த்தால் எவ்வளவு கூடுகிறது என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஸ்வீடனில் 133 பேரை வைத்துச் செய்த ஆய்வில், தன்னுதவிப் புத்தகம் பெற்றவர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும் வாரம் 15 நிமிடம், ஆறு வாரம் தொலைபேசியில் பேசினார்கள் (2012). பேச்சுத் துணை பெற்றவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். நெதர்லாந்தில் 262 பேரிடம் மின்னஞ்சல் ஊக்கத்தைச் சேர்த்துப் பார்த்தபோதும் (2013) அப்படியே. ஹாங்காங்கில் 312 பேரிடம் செய்தபோது தொலைபேசியால் கிடைத்த கூடுதல் பலன் சிறியதாகவே இருந்தது. 54 ஆய்வுகளையும் 11,815 பேரையும் ஒப்பிட்ட 2022-ஆம் ஆண்டுத் தொகுப்பில், இணையவழிச் சிகிச்சையோடு ஓர் ஆளும் சேர்ந்த வகை முன்னால் நின்றது.

டெல்லிக்கு அருகிலான சான்று தூக்கத்தைப் பற்றியது அல்ல. ஆனால் கேள்வி அதேதான். 2018-இல் புது டெல்லியின் ஆறு அரசுப் பள்ளிகளில், சங்கத் அமைப்பின் ‘பிரைட்’ திட்டத்தில் 251 மாணவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். 126 பேருக்கு மனச் சிக்கல்களைச் சமாளிக்கும் சிறு புத்தகங்கள் மட்டும். 125 பேருக்கு அதே புத்தகங்களோடு, உளவியல் பட்டம் இல்லாத பயிற்சி பெற்ற கவுன்சலர் நான்கைந்து முறை உட்கார்ந்து பேசினார். ஆறு வாரத்தில், மாணவர்கள் தங்கள் வாயால் சொன்ன பிரச்சினைகளின் கடுமை கவுன்சலர் பிரிவில் அதிகம் குறைந்தது. பொதுவான மனநல அறிகுறிகளில் அப்போது வித்தியாசம் தெரியவில்லை. பாதி வெற்றி என்று இதைச் சொல்லலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: டெல்லியின் அரசுப் பள்ளிக்குள், மருத்துவர் அல்லாத ஒருவரைப் பழக்கி, மேற்பார்வையோடு இந்த வேலையைச் செய்ய வைக்க முடிந்திருக்கிறது.

அப்படியானால் அந்த ஒருவருக்கு என்ன செலவு? 2025 ஏப்ரலில் டெல்லி அரசு அறிவித்தபடி, பட்டதாரி ஊழியருக்குக் குறைந்தபட்ச மாத ஊதியம் 24,356 ரூபாய். மாதம் 26 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் 208 மணி நேரம். மணிக்கு 117 ரூபாய். வாரம் 15 நிமிடம், ஆறு வாரம் என்பது ஒன்றரை மணி நேரம்: 176 ரூபாய். எடுக்காத போன், குறிப்பு எழுதும் நேரம், பயிற்சி எல்லாம் போக வேலை நேரத்தில் 60 சதவீதம்தான் உண்மையில் பேச்சாகும் என்று வைத்தால் 293. பத்துப் பயிற்றுநர்களை மேற்பார்க்க மாதம் 80,000 ரூபாயில் ஓர் உளவியலாளரை வைத்தால் ஒரு நோயாளிக்கு இன்னும் 96. ஆக 389, நானூறு என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பயிற்றுநர் ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் பேரைப் பார்த்துவிடுவார். 24,356 குறைந்தபட்சம்தான், நல்ல ஆட்களுக்கு இன்னும் தர வேண்டும், தரலாம். இரட்டிப்பாகக் கொடுத்தாலும் தலைக்கு 700-ஐத் தாண்டாது.

செயலியை இந்தியாவில் ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்குத் தர முடிகிறது என்று கொள்வோம். நூறு பேருக்கு ஒரு லட்சம். பிரிட்டன் மாணவர்களைப் போல 18 பேர் முடித்தால், முடித்தவர் ஒருவருக்கு விழுந்த செலவு 5,556 ரூபாய். பயிற்றுநரையும் சேர்த்தால் நூறு பேருக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம். 26 பேர் முடித்தாலே தலைக்கு 5,385 ஆகிவிடுகிறது. நூறில் எட்டுப் பேரைக் கூடுதலாகக் கடைசிப் பாடம்வரை கூட்டிவந்தால் அந்த நானூறு ரூபாய் திரும்பிவிடும். செயலி ஸ்லீப்பியோ விலையில், 4,300 ரூபாயாக இருந்தால் இரண்டே பேர் கூடினால் போதும். விலை கூடிய செயலியை வாங்கிவிட்டு ஆள் செலவை மிச்சம் பிடிப்பதைப் போல நஷ்டமான காரியம் இதில் வேறில்லை.

இன்றைக்கு நோயாளி முன் இருக்கும் வழிகளோடு ஒப்பிடுங்கள். தனியார் உளவியலாளரிடம் ஓர் அமர்வு 1,500 ரூபாய் என்றாலும் ஆறு அமர்வுக்கு 9,000. 2025 ஏப்ரல் அறிவிப்பின்படி டெல்லியில் உடலுழைப்பாளியின் குறைந்தபட்ச மாதச் சம்பளமான 18,456-இல் ஏறத்தாழப் பாதி. இந்தியாவில் லட்சம் பேருக்கு மனநல மருத்துவர்கள் 0.75 பேர், அவர்களிலும் இந்தச் சிகிச்சையில் பழகியவர்கள் சிலரே. மாத்திரை சில ரூபாய்தான். அல்பிரசோலாமும் சோல்பிடெமும் 2014 மார்ச் முதல் எச்-1 அட்டவணையில் இருக்கின்றன, மருந்துக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். ஆனால் ஆண்டுக்கணக்கில் நீளும்போது அந்தச் சில ரூபாய் நானூறைச் சீக்கிரமே தாண்டிவிடும். போதாததற்கு, நிறுத்த முடியாத பழக்கமும் ஒட்டிக்கொள்ளும்.

பயிற்றுநருக்கு இன்னொரு வேலையும் உண்டு, எனக்கு அதுவே பெரிது. இந்தியாவில் வேலைசெய்யும் வயதினரில் 10.4 கோடிப் பேருக்குத் தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்கலாம் என்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-இல் மதிப்பிட்டார்கள். அவர்களுக்குத் தேவை வேறு சிகிச்சை. வலிப்பு உள்ளவர்கள், இருதுருவ மனநோய் உள்ளவர்கள், இரவில் லாரி ஓட்டுபவர்கள் ஆகியோரின் படுக்கை நேரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சுருக்கக் கூடாது. “பக்கத்துல படுக்கிறவங்க உங்க குறட்டையைப் பத்தி என்ன சொல்றாங்க?” என்று கேட்டு, பதிலில் இருக்கும் தயக்கத்தைக் கவனித்து, மருத்துவரிடம் அனுப்பிவைக்க ஆள் வேண்டும்.

வழி ஏற்கெனவே இருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-இல் இருபது மொழிகளில், இரவு பகலாகப் பேசலாம். ஆனால் அது அழைப்பவருக்குக் காத்திருக்கும் சேவை. தூக்கமின்மைக்கு வேண்டியது, குறித்த நாளில் அங்கிருந்து திரும்பக் கூப்பிடும் சேவை. 2011 கணக்கெடுப்பின்படி டெல்லியின் மக்கள்தொகை 1.68 கோடி. மிகவும் குறைத்து, நூறில் ஒருவருக்கு இந்தச் சேவை என்று வைத்தால் 1.68 லட்சம் பேர், 168 பயிற்றுநர்கள், செயலியின் விலை தவிர ஆண்டுக்கு 6.72 கோடி ரூபாய். நாடு முழுவதற்குமான தொலைபேசி மனநலத் திட்டத்துக்கு 2024–25-இல் மத்திய அரசு ஒதுக்கிய 90 கோடியில் இது ஏழரை சதவீதம்.

எல்லோருக்கும் ஆறு அழைப்பும் தேவைப்படாது. குறிப்பேட்டைத் தினமும் நிரப்புபவரை விட்டுவிடலாம். இரண்டு நாள் நிரப்பாதவரை மூன்றாம் நாள் கூப்பிட வேண்டும், அதுவும் சாயங்காலம் ஏழுக்கும் பத்துக்கும் நடுவில், அவர் வீட்டில் இருக்கும்போது. அந்த மூன்று மணி நேரத்துக்கு வேலை நேரத்தை மாற்றி வைப்பதும், பெண் பயிற்றுநர்கள் இரவில் வீடு திரும்ப வண்டி ஏற்பாடு செய்வதும் மேலே போட்ட 400 ரூபாயில் அடங்கவில்லை. அதைத் தனித் தலைப்பில் முதல் ஆண்டே எழுதிவிட வேண்டும்.