உங்களுக்குத் தெரியுமா? – இரண்டு குடியரசுகள், இரண்டு சாசனங்கள்

★ அமெரிக்க அரசியல் சாசனத்தின் மூலப்படி நாலே பக்கம்தான். 1787 செப்டம்பர் 17 அன்று பிலடெல்பியாவில் 39 பேர் அதில் கையெழுத்திட்டார்கள். மொத்தமே 7 பிரிவுகள். நம்முடையது 395 பிரிவுகளும் 8 அட்டவணைகளுமாக 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது.

★ அங்கே முதல் திருத்தம் 1791-ல் வந்தது. பேச்சுரிமையையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் குறைக்கும் சட்டம் எதையும் காங்கிரஸ் இயற்றக்கூடாது என்று தடுத்தது அது. நம் முதல் திருத்தம் 1951-ல் வந்தது. பேச்சுரிமைக்கு அது கூடுதல் வரம்புகளைச் சேர்த்தது. இதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற வார இதழை மாகாணத்துக்குள் வரவிடாமல் சென்னை அரசு தடை செய்ய, ஆசிரியர் ரமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போய் 1950-ல் வென்றார். அடுத்தது செண்பகம் துரைராஜன் வழக்கு. கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, பட்டியல் சாதியினருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பிரித்திருந்த வகுப்புவாரி அரசாணை 1951-ல் செல்லாமல் போனது. பெரியார் தலைமையில் தமிழகம் கொதித்தது. இரண்டு தீர்ப்புகளுக்கும் பதிலாக ஒரே திருத்தம் வந்தது. கல்வியில் இடஒதுக்கீட்டைக் காப்பாற்றும் 15(4) உட்பிரிவு அதில் பிறந்தது; அதற்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். பேச்சுரிமைக்குப் போட்ட வரம்புகளை மட்டும் என்னால் வரவேற்க முடியவில்லை. நல்லவேளை, அந்த வரம்புகள் ‘நியாயமானவையாக’ இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அப்போதே சேர்ந்தது. நீதிமன்றங்களுக்கு இன்றுவரை அதுதான் பிடிமானம்.

★ அமெரிக்காவில் அமைச்சராக வேண்டுமானால் நாடாளுமன்றப் பதவியை விட்டுவிட வேண்டும். இங்கே அமைச்சரானவர் 6 மாதத்துக்குள் நாடாளுமன்ற உறுப்பினராகியே தீர வேண்டும்.

★ செனட்டில் மாநிலத்துக்கு 2 இடம். ஏறத்தாழ 4 கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும் அதே 2, 6 லட்சத்தைத் தொடாத வயோமிங்குக்கும் அதே 2. நம் மாநிலங்களவையில் உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18, சிக்கிமுக்கு 1. சிறிய மாநிலம் நசுங்காமல் இருக்க அமெரிக்கர்கள் கண்ட வழி புரிகிறது. ஆனாலும் தலைக்கணக்கை இந்த அளவுக்கு ஒதுக்குவது சரியாகப் படவில்லை.

★ குடியரசுத் தலைவர் தேர்தலில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்குக்கு மதிப்பு 176. சிக்கிம் எம்.எல்.ஏ.வுக்கு 7. எல்லாம் 1971 மக்கள்தொகைக் கணக்கு.

★ சாசன ஆலோசகர் பி.என். ராவ் 1947-ல் அமெரிக்கா போய் நீதிபதி பெலிக்ஸ் பிராங்க்பர்ட்டரைச் சந்தித்தார். உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கும் சட்டம் நியாயமானதா என்று எடைபோடும் அதிகாரம் எங்கள் நீதிபதிகளுக்குப் பெரும் சுமையாகிவிட்டது, நீங்கள் அதைச் சேர்க்காதீர்கள் என்பது அவர் தந்த ஆலோசனை. அதன்படியே 21-ம் பிரிவில் ‘சட்டம் வகுத்த நடைமுறை’ என்று மட்டும் எழுதினார்கள். 1978-ல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில், அந்த நடைமுறை நேர்மையாகவும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேண்டாம் என்று விட்டதை நீதிமன்றமே 28 ஆண்டு கழித்துக் கொண்டுவந்தது, நம் நல்ல காலம்.

★ காங்கிரஸ் கூட்டத்தொடர் நடக்கும்போது, வந்த மசோதா மீது ஞாயிறு நீங்கலாக 10 நாள் அமெரிக்க அதிபர் எதுவும் செய்யாவிட்டால் அது தானாகவே சட்டமாகிவிடும். நம் குடியரசுத் தலைவருக்குக் கெடு கிடையாது. தபால்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு வழிசெய்த 1986-ம் ஆண்டு மசோதாவில் ஜெயில் சிங் கையெழுத்துப் போடாமலே வைத்திருந்தார். அடுத்து வந்தவர் பட்டுக்கோட்டைப் பக்கம் ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன், அவர் அதை 1990-ல் திருப்பி அனுப்ப, கடைசிவரை அது சட்டமாகவில்லை. அன்று தாமதம் மக்களைக் காத்தது உண்மைதான். ஆனால் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்கள் ஆளுநரிடம் ஆண்டுக்கணக்கில் தேங்கி, 2025-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் நிலை வந்ததே, அதையும் பார்த்தோம். சாசனத்திலேயே கெடு எழுதப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

★ அமெரிக்காவின் 27-வது திருத்தம் 1789-ல் முன்மொழியப்பட்டு 1992-ல்தான் நிறைவேறியது. ஏறத்தாழ 203 ஆண்டுகள்!

★ பதவி நீக்க வாக்கெடுப்புவரை போன உச்ச நீதிமன்ற நீதிபதி அங்கே ஒருவர், இங்கே ஒருவர். 1805-ல் சாமுவேல் சேஸை செனட் விடுவித்தது. சென்னை உயர் நீதிமன்றத்திலும் நீதிபதியாக இருந்த வி. ராமசாமி மீதான தீர்மானம் 1993 மே மாதம் மக்களவைக்கு வந்தது. ஆதரவாக 196 வாக்குகள். எதிராக ஒன்றுகூட விழவில்லை. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு தேவைப்பட்டது. ஆளும் காங்கிரஸார் வாக்களிக்காமல் உட்கார்ந்துவிட, தீர்மானம் தோற்றது. 1994-ல் ஓய்வுபெறும்வரை அவர் பதவியில் இருந்தார்.