தாடை வைத்த விமானம்

வாடிப்பட்டியிலிருந்து பள்ளி மாணவி ஒருத்தி எழுதிக் கேட்டிருக்கிறாள்: "இரண்டாம் உலகப் போர்ப் படங்களில், பாலைவனத்து ஹரிக்கேன் விமானத்துக்கு மட்டும் மூக்குக்குக் கீழே தாடை தொங்குகிறதே, ஏன்?"

கூர்மையான கண் அந்தப் பிள்ளைக்கு. அது வோக்ஸ் என்ற காற்று வடிகட்டி.

வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பறந்தவர்களில் நம்மவர் ஒருவரும் உண்டு. சிம்லாவில் பிறந்த மகிந்தர் சிங் புஜ்ஜி. 1940இல் பிரிட்டனுக்குப் போன 24 இந்திய விமானிகளில் ஒருவர். தலைப்பாகையோடே போர் விமானம் ஓட்டியவர்.

அந்தப் பாலைவனத்தில் எதிரி வானத்தில் மட்டும் இல்லை, தரையிலும் இருந்தது. ஓடுதளம் வெறும் மண்தரை. ஒரு விமானம் கிளம்பினால் புழுதியில் பின்னால் வருபவருக்குக் கண் தெரியாது. அதனால் பக்கம் பக்கமாக நின்று ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். தரையில் உருளும்போது நீண்ட மூக்கு வழியை மறைக்கும். ஊழியர் ஒருவர் இறக்கையில் உட்கார்ந்து கைகாட்டி வழி சொல்வார்.

ஹரிக்கேனின் மெர்லின் இன்ஜினுக்கு 12 சிலிண்டர், 27 லிட்டர் கொள்ளளவு. அது இழுக்கும் காற்றோடு மணலும் போனால், எண்ணெயில் கலந்து உப்புத்தாள் போலச் சிலிண்டரைத் தேய்த்துவிடும். அதைத் தடுக்கத்தான் அந்தத் தாடை. ஆனால் அது காற்றில் முட்டி வேகத்தைக் குறைத்தது. பிறகு எகிப்தின் அபூகிர் பட்டறையில் ஸ்பிட்ஃபயர் என்ற இன்னொரு போர் விமானத்துக்கென்று சின்ன வடிகட்டி ஒன்றைச் செய்தார்கள். தாடை சிறுத்தது, வடிகட்டி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

எங்கள் டிராக்டருக்கும் இப்படி ஒரு வடிகட்டி இருந்தது. அறுவடை நாட்களில் வண்டி களத்துக்குத் திரும்பியதும் அப்பா முதலில் ஏர் கிளீனர் கிண்ணத்தைத்தான் கழற்றுவார். கறுத்த எண்ணெயை வடித்துவிட்டு, அடியில் படிந்த வண்டலை விரலால் வழித்துக் காட்டுவார். "இம்புட்டும் இன்ஜினுக்குள்ள போயிருக்கும்டா" என்பார். வண்டல் களிம்பு மாதிரி வழவழவென்று இருக்கும்; இரு விரலுக்கு நடுவே தேய்த்தால் நறநறக்கும்.

இன்று 'பிக்கப்' கூடும் என்று பைக் ஃபில்டரையே கழற்றிப் போடும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். மனசு கேட்கவில்லை. ஒரு நொடி வேகத்தில் உயிர் தப்பும் வேலை செய்தவர்களே வேகத்தை விட்டுக்கொடுத்து இன்ஜினின் மூச்சைக் காத்தார்கள். நாம் போவது பக்கத்திலிருக்கும் சோழவந்தான் வரைக்கும்தானே?

கடிதம் எழுதிய பிள்ளையே, அந்தத் தாடையைக் கண்டுபிடித்த கண்ணால் உன் வீட்டு வண்டியின் ஃபில்டரையும் இந்த ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் பார்.