ஊவாத் தேயிலையைச் சுவைத்தலும் காத்தலும்

தெமோதரை நிலையத்திலிருந்து பதுளை நோக்கிப் புறப்படும் புகையிரதம், குன்றைச் சுற்றி இறங்கி, அந்நிலையத்துக்கு நேர் கீழேயுள்ள சுரங்கத்தினுள் நுழைகிறது. இவ்விந்தையைக் காண வருவோர், சூழவுள்ள தேயிலை மலைகளையும் கண்டு மகிழ்கின்றனர். ஆயின், அம்மலைகளின் கொழுந்து தரும் சுவையை அறிந்தோர் நம்மிடையே எத்தனை பேர்? சாயம் கறுத்தால் அதுவே நல்ல தேநீர் என்றன்றோ நாம் எண்ணி வருகிறோம்!

யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குச் சிறந்த பருவம். தென்மேற்குப் பருவக்காற்று, மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் மழையைச் சொரிந்துவிட்டு, வறண்ட கச்சானாக இப்பக்கம் வீசுகிறது. ஈரம் குறைந்து செடி மெல்லத் துளிர்க்க, கொழுந்தில் மணம் செறிகிறது. அம்மணத்திலே நோவுத் தைலத்தை நினைவூட்டும் ஒரு குளிர்ச்சி உண்டு. மெதைல் சாலிசிலேற்று என்னும் பொருள் இரண்டிற்கும் பொதுவாதலே இதற்குக் காரணம்.

கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது 1883ஆம் ஆண்டில். தேயிலையை உறிஞ்சிச் சுவைத்து மதிப்பிடும் நிபுணரின் முறையை நம் வீட்டிலும் கைக்கொள்ளலாம். விலை கூடியதொன்று, குறைந்ததொன்று என இருவகைத் தூளை எடுத்து, பெயரை மறைத்துவிடுங்கள். 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தூள் இட்டு, 6 நிமிடம் மூடி வைத்து வடியுங்கள். பாலும் சீனியும் வேண்டா. சாயம் தெளிந்து ஒளிர்கிறதா, நாவிலே சுறுசுறுப்புத் தோன்றுகிறதா, மணம் நிலைக்கிறதா என நோக்குங்கள். பி.ஓ.பி., பி.ஓ.பி.எப். என்ற எழுத்துக்கள் இலைத் துணுக்கின் அளவைக் குறிப்பனவே. அவை சுவைக்குச் சான்றாகா. விலை குறைந்த தூளே வெல்வதும் உண்டு.

இனி, காக்கும் முறை. மேனாட்டார் கபர்னே முதலிய திராட்சைகளின் செம்மதுவை நிலவறையில் ஆண்டுக்கணக்கில் வைத்து முதிரச் செய்வர். நமது கறுப்புத் தேயிலையோ முதிர முதிர மணம் இழப்பது. ஈரம், வெளிச்சம், அயல்வாசனை ஆகிய மூன்றும் அதற்குப் பகை.

இப்பாடத்தை நாம் கற்றது பெருவெட்கத்தோடு. தோட்டத்து மாணவன் ஒருவன், தன் தாய் கொழுந்தெடுக்கும் மலையின் செப்டெம்பர்த் தேயிலை என்று ஒரு பொட்டலம் கொணர்ந்து தந்தான். தக்க விருந்தினர் வரட்டும் என்று அதனை அலுமாரியிலே பெருங்காயத்தின் அருகே வைத்தோம். இரண்டு தீபாவளிகள் சென்றன. பின்னர் பிரித்தபோது, ஊவாவின் மணம் போய்ப் பெருங்காய மணமே எஞ்சியிருந்தது. "தேயிலை எப்படி இருந்தது, ஐயா?" என்று அவன் முன்னொருநாள் கேட்டதும், நாம் ஏதோ சொல்லி மழுப்பியதும் அப்பொழுது நெஞ்சைச் சுட்டன.

ஆதலால், சிறிது சிறிதாக வாங்குங்கள். இறுக மூடும் தகரப் பேணியில் இட்டு, அடுப்புக்கும் சரக்குகளுக்கும் எட்ட வையுங்கள். தேயிலை புதிதாயிருக்கும்போதே அருந்துங்கள். கொழுந்தெடுத்தவர் உழைப்பிற்கு நாம் செய்யும் மரியாதையும் அதுவே.